ஞானராஜ் ரைட்டர் அடித்த மணி

அன்றைக்கு மாநாட்டில் என் மானம் போனதற்கு முழுக் காரணம் ஞானராஜ் ரைட்டர்தான். என் கால் ஓடியது உண்மை. என் வாய் கத்தியதும் உண்மை. ஆனால் மணியை அடித்தது அவர்.

நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணிகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மரியபுஷ்பம். ஏற்காடு மலைக் கிராமமான செம்மநத்தத்தில் குடியிருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்துவிட்டு, காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போனவள். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. சரிவின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பறிக்கிறவளைக் கூப்பிட்டே பழகிய தொண்டை இது. நான் ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, ஃபாதர் என்னைப் பார்த்து மட்டும் கையைக் கீழே அமுக்கிக் காட்டுவார்.

ஞானராஜ் எங்கள் எஸ்டேட்டின் ரைட்டர். காலையில் பெயர் கூப்பிடுகிறவர் அவர்தான், சாயங்காலம் கூடையை எடை போட்டு எழுதுகிறவரும் அவர்தான். ஆபீசுக்கு முன்னால் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் எஸ்டேட் மணி. காலையில் விடாமல் அடித்தால் வேலைக்கு வா என்று அர்த்தம். மத்தியானம் இரண்டு முறை அடித்தால் சாப்பாடு. சாயங்காலம் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை அடித்தால், போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுக் கூடையோடு எடைக்கு ஓடி வா.

நடந்து வரக்கூடாதா என்று கேட்கலாம். கூடாது. முதலில் போகிறவளுக்கு முதலில் எடை. கடைசியில் போகிறவளுக்குக் கடைசியில் எடை. கடைசி ஆள் எடை முடிந்து ரோட்டுக்கு வருவதற்குள் நாலரை பஸ் வளைவில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகும். அப்புறம் வீடு வரைக்கும் நடைதான், மழையானாலும் பனியானாலும். பதினெட்டு வருஷம் அந்த மூன்று சத்தத்துக்கு நான் ஓடியிருக்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் கால் உதைத்துக்கொள்ளும். (கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் விலாவில் வாங்கியிருக்கிறார்.)

பிறகு எஸ்டேட்டில் பாதி காட்டேஜ் ஆனது. மீதிப் பாதிக்கு மின்சார சங்கு வந்தது. தண்டவாளத் துண்டைக் கழற்றிவிட்டார்கள். ரைட்டரும் ஓய்வு பெற்று டவுனில் போய்க் குடியேறினார். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போனேன். மறந்துவிட்டதாக நினைத்தேன்.

இனி மாநாட்டுக்கு வருகிறேன்.

ஏற்காடு டவுனில் குடியிருப்போர் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். பங்களாக்காரர்கள், ஓய்வு பெற்று இங்கே வந்து தங்கியவர்கள், கடைக்காரர்கள், லாட்ஜ்காரர்கள். 'நமது பாரம்பரிய நகரின் எதிர்காலம்' என்று நோட்டீஸ் போட்டு, ஒரு சனிக்கிழமை மாநாடு என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம்தானே என்று நோட்டீசைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் தீர்மானங்கள். ஐந்தாவது தீர்மானம்: ஏரிப்பக்கம் நெரிசல் குறைய வேண்டும், பழைய கட்டடங்களின் அழகு தெரிய வேண்டும், அதனால் கிராமத்து பஸ்களை டவுனுக்கு வெளியிலேயே நிறுத்தும்படி அரசைக் கேட்பது.

என் மகள் ஜெனிதான் அதைப் படித்துக் காட்டினாள். அப்போது அவள் சேலத்தில் நர்சிங் முதல் வருஷம். தினமும் போய் வருகிறவள். எங்கள் பஸ் டவுனில் நிற்கும். இவள் குதித்து ஓடிச் சேலம் பஸ்ஸைப் பிடிப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம்கூட இருக்காது. டவுனுக்கு வெளியில் இறக்கிவிட்டால் மேட்டில் ஏறி வருவதற்குள் சேலம் பஸ் போய்விடும். அடுத்த பஸ் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி இறங்குவதற்குள் வகுப்பு பாதி முடிந்திருக்கும். ஹாஸ்டலில் விட எங்களுக்கு வழி இல்லை.

"பஸ்ஸ மாத்திட்டா நான் படிப்ப உட்ற வேண்டியதுதாம்மா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மறுநாளே டவுனுக்குப் போய், நானும் பேச வேண்டும் என்று பெயர் கொடுத்தேன். பெயர் எழுதிக்கொண்டவர் வேறு யாருமில்லை, ஞானராஜ் ரைட்டர். கூட்டமைப்பில் அவருக்கு ஏதோ பொறுப்பு. என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ஐந்து நிமிஷம்தான் நேரம், ஐந்தாவது தீர்மானம் ஓட்டுக்குப் போகும் முன் கடைசியாகப் பேசலாம் என்றார்.

ஜெனி இரண்டு பக்கம் பேச்சு எழுதிக் கொடுத்தாள். 'மாண்புமிகு', 'வாழ்வாதாரம்' எல்லாம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். மரங்கள் மரியாதையாகக் கேட்டன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நான் பேசினால் மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும், ஒருவேளை என்னையே தலைவியாகப் போட்டாலும் போடுவார்கள் என்று நினைத்தேன். (சும்மா சொல்லவில்லை. தலைவியானால் எந்தப் புடவை கட்டுவது என்பது வரைக்கும் போய்விட்டேன்.)

தனியாகப் போனால் மதிக்க மாட்டார்கள் என்று, என்னோடு பழம் பறித்த முப்பது பெண்களைத் திரட்டினேன். அதில் முக்கியமானவள் பழனியம்மா. இருபது வருஷம் எனக்குப் பக்கத்து வரிசையில் பறித்தவள். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அங்க டீ குடுப்பாங்களா புஷ்பம்?"

"குடுப்பாங்கக்கா."

"அப்ப வர்றேன். நீ பேசறதக் கேக்க வரல, அதையும் சொல்லிப்போட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்துக்குப் போனோம். நான் கல்யாணப் பட்டு, மேலே ஸ்வெட்டர். மற்றவர்கள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பின் வரிசைகளில் உட்கார்ந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் பழைய பொருள்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். பங்களா விளக்கு, தட்டச்சு மிஷின், ஒரு மூங்கில் காப்பிக் கூடை. கூடையில் சீட்டு கட்டியிருந்தது: 'பாரம்பரியப் பொருள். தொடாதீர்கள்.'

பழனியம்மா அதை நின்று படித்தாள். "இதத் தொடாதீங்கன்னு ஒரு ஆளு அன்னைக்கே சொல்லியிருந்தா எம்பட இடுப்பு தப்பிச்சிருக்குமே," என்றாள்.

மேடை ஓரத்தில் சட்டத்தில் கட்டி அது தொங்கியது. எங்கள் தண்டவாளத் துண்டு. துரு தேய்த்துக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் இரும்புக் கம்பியோடு ஞானராஜ் ரைட்டர். பேசுகிறவர்களுக்கு நேரம் முடிந்தால் மணி அடிப்பது அவர் வேலையாம். எனக்கு அப்போதே ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் என் தலைவி புடவையில் இருந்தேன்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் திரையில் பழைய படங்கள் போட்டு, வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் காப்பி நட்ட கதையைச் சொன்னார். (குழி வெட்டியவர் படத்தின் ஓரத்தில் பாதி முகத்தோடு நின்றார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.) நேரம் முடிந்ததும் ரைட்டர் கம்பியால் ஒரு முறை தட்டினார். டங். பேசியவர் இறங்கிவிட்டார். அடுத்தவர் அந்தக் காலத்துப் பனியைப் பற்றியே பேசினார், பனி விலகுகிற மாதிரி தெரியவில்லை. அவருக்கும் ஒரு டங். கேட்காமல் பேசிக்கொண்டே இருந்தார். சற்று நேரம் விட்டு இன்னொரு டங். பழனியம்மா இரண்டாவது டீயை வாங்கிக்கொண்டாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறி, கம்பி இல்லாத மைக்கைக் கையில் வாங்கினேன். ஜெனியின் காகிதத்தைப் பிரித்தேன். எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. மாண்புமிகு என்று ஆரம்பித்து, எந்த மாண்புமிகு என்று தெரியாமல் நின்றேன். முன் வரிசையில் ஒரு அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. காகிதத்தை மடித்து ஸ்வெட்டர் பையில் சொருகிவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

என்ன பேசினேன் என்று பாதி நினைவில்லை. உங்கள் பழைய கட்டடத்தில் சுண்ணாம்பு சுமந்தது யார் என்று கேட்டேன். ஊர் அழகாக இருக்க வேண்டும் என்றால் எங்களை ஏன் ஊருக்கு வெளியில் நிறுத்துகிறீர்கள், நாங்கள் அசிங்கமா என்று கேட்டேன். மைக் தேவையே இல்லாத தொண்டையில் மைக்கும் சேர்ந்து, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன் வரிசை பின்னால் சாய்ந்தது. கோபமாகப் பேசினேனே தவிர, ஒருவர் முகத்திலும் இளக்கம் இல்லை. எனக்கே தெரிந்தது. இவள் சண்டை போட வந்திருக்கிறாள் என்று பார்த்தார்களே தவிர, பஸ் போனால் எங்களுக்கு என்ன ஆகும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஜெனி சுவர் ஓரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கடைசி முயற்சியாக ஒரு மூச்சு இழுத்து, "அந்த பஸ்ஸு எங்களுக்கு என்னன்னு உங்களுக்குச் சொல்றேனுங்க, கேட்டுக்கங்க," என்றேன்.

டங்.

நிறுத்தி, டங்.

நிறுத்தி, டங்.

அடுத்து நடந்ததில் என் மூளைக்குப் பங்கு இல்லை என்று சத்தியம் செய்யத் தயார். கால் தரையில் இல்லை. பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன். படி இருந்தது. படியைப் பயன்படுத்தவில்லை. நடு வழியில் ஓடினேன். பின் வரிசையில் முப்பது பேரும் ஏற்கெனவே எழுந்து கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள், நாற்காலிகள் சாய்ந்து விழ. பழனியம்மா டீயைக் கீழே வைத்த கையோடு கண்காட்சி மேசையிலிருந்த கூடையை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டாள். எடைக்கு ஓடுகிறவள் கூடை இல்லாமல் எப்படி ஓடுவாள்?

கையில் மைக் இருக்கிறது, அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மண்டபத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் என் மூச்சு இரைத்தது. அதற்கு மேல் என் குரல்:

"ஓடுங்கடி! பஸ்ஸு போயிரும், பஸ்ஸு போயிரும்! பழனியக்கா, பொறத்தாண்ட நிக்காத, அப்பறம் ஊடு வரைக்கும் நடதான்!"

மண்டபத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, நாங்கள் எல்லோரும் நிறுத்தத்துக்கே போய்விட்டோம். நாலரை பஸ் நின்றிருந்தது. நாலைந்து பேர் ஏறியும் விட்டார்கள். நான் படியில் கால் வைத்தபோது கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, மைக்கெல்லாம் கொண்டாந்திருக்கீங்க, பஸ்ல பாட்டுக் கச்சேரிங்களா?"

அப்போதுதான் கையைப் பார்த்தேன். திரும்பிப் பழனியம்மாவைப் பார்த்தேன். அவள் முதுகில் 'தொடாதீர்கள்' என்ற சீட்டு காற்றில் ஆடியது.

"என்னக்கா இது," என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? நீதான மொதல்ல ஓடுன," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "எடை எங்க போடறாங்க?"

சேர்வராயன் கோயில் குகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு திருவிழாவுக்குத்தான் வெளியே வருவது என்று முடிவு செய்தேன். ஆனால் மைக்கைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் திருடி என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு நான் முன்னால், கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பழனியம்மா பின்னால், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். மண்டபத்துக்குள் நுழைந்தோம்.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கேலி செய்கிறார்கள் என்று நினைத்து முன் வரிசையை முறைத்தேன். தட்டல் அதிகமானது. கடிகாரம் பார்த்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டதாக மேடையில் யாரோ அறிவித்தார்கள். கிராமத்து பஸ் இருக்கிற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று புதுத் தீர்மானம் எழுதிக் கை தூக்கியும் முடித்திருந்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

நடந்ததை ஜெனிதான் பிறகு சொன்னாள். அவள் எஸ்டேட்டில் பறித்தவள் இல்லை. மணி கேட்டு அவள் கால் ஓடவில்லை, அதனால் மண்டபத்திலேயே இருந்தாள். நாங்கள் ஓடிய பிறகு மண்டபம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்ததாம். ஒலிபெருக்கியில் என் இரைப்பும் கத்தலும் தூரம் போகப் போகத் தேய்ந்து, கடைசியில் நின்றுவிட்டதாம். யாரோ 'இது என்ன, வெளிநடப்பா?' என்று கேட்டிருக்கிறார்கள். ஞானராஜ் ரைட்டர் இரும்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, அமைதியாக எழுந்து, இன்னொரு மைக்கைப் பிடித்தாராம்.

"அந்த பஸ்ஸு அவங்களுக்கு என்னன்னு சொல்றேன்னாங்கல்லங்க. சொல்லிட்டாங்க," என்றாராம். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாராம்.

நாங்கள் திட்டம் போட்டு நடத்திக் காட்டினோம் என்று மண்டபமே நம்பிவிட்டது. நானும் மறுக்கவில்லை. (வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சாயங்காலம் அதுதான்.) பஸ் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஜெனி படித்து முடித்து, சேலத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள், அதே ஐந்து நிமிஷத்தில் குதித்து ஓடி.

படித்த பிள்ளை தாயை மதிக்கும் என்பார்கள். வீட்டில் நான் எதைப் பற்றியாவது கொஞ்சம் நீளமாகத் திட்ட ஆரம்பித்தால், அவள் கரண்டியை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் நிறுத்தி நிறுத்தி மூன்று தட்டு தட்டுகிறாள். உடனே என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடக்கிறார். அவர் பின்னால் நாயும் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது தட்டுக்கு நானும் எழுந்துவிடுகிறேன். பழனியம்மா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எவனோ தண்ணீர்ச் செம்பில் தட்டினான். முப்பது பேர் இலையை விட்டு எழுந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாகிய எங்களைப் பற்றிப் பெண் வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள்?

அந்தக் கூடை இப்போதும் கண்காட்சியில் இருக்கிறது. சீட்டை மட்டும் ஜெனி மாற்றி எழுதிக் கொடுத்தாள்: 'காப்பிக் கூடை. இதைப் போன்றதைச் சுமந்து பழம் பறித்தவர்கள்: பழனியம்மாவும் முப்பது பேரும், செம்மநத்தம்.' கூட்டமைப்பு மறுபடியும் மாநாடு கூட்டுகிறது. இந்த முறை தீர்மானம் எழுதும் குழுவில் பழனியம்மா இருக்கிறாள், டீ உண்டு என்ற உறுதியின் பேரில். பக்கத்துக் கிராமமான வாழவந்தியிலிருந்தும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊரின் எதிர்காலத்தைப் பேசுகிற இடத்தில் ஊரில் உழைக்கிறவர்களும் உட்காரப் போகிறார்கள். நல்லதுதான். நல்லது நடந்தால் எனக்குக் கோபம் குறைய வேண்டும். குறையவில்லை. ஏன் என்றால், நோட்டீசில் மாநாட்டுத் தலைவர் என்று போட்டிருக்கும் பெயர் ஞானராஜ்.

ரைட்டரய்யா, மாநாடு முடிந்த அன்றே உங்களைக் கேட்டில் மறித்துக் கேட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை அடித்தீர்கள், எனக்கு மட்டும் ஏன் மூன்று என்று. மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, "வயசாயிருச்சும்மா, எண்ணிக்கை மறந்துபோச்சு," என்றீர்கள். எவள் எந்தத் தேதியில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று பேரேட்டைப் பார்க்காமல் சொன்ன மனிதர் நீங்கள். அடுத்த தடவை கேட்டபோது கம்பி வழுக்கியது என்றீர்கள். கம்பி நிறுத்தி நிறுத்தி மூன்று முறை வழுக்குமா? ஈஸ்டருக்குக் கேட்டபோது, இருமிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

நான் உங்களை விடுவதாக இல்லை. வருகிற மாநாட்டில், தலைவர் நாற்காலியில் உட்காரும் முன், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று இதற்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த மணியைத் தெரிந்து அடித்தீர்களா, தெரியாமல் அடித்தீர்களா? தெரியாமல் என்றால், என் பட்டுப் புடவைக்கும் மானத்துக்கும் மேடையிலேயே மன்னிப்புக் கேளுங்கள். தெரிந்து என்றால், நான் பேசித் தோற்கப் போவதை அந்த மூலையில் உட்கார்ந்தபடியே எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதை ஏன் இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டு காதோடு சொல்கிற வேலை எல்லாம் வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள். மைக்கை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த மணிப் பக்கம் மட்டும் யாரும் போகக்கூடாது.